தேர்வுக்கு முன் நீட்டிய தட்டு

என் மகள் ரஷ்யாவின் வடக்குக் கிராமங்களின் பேச்சை ஐந்து வருடம் ஆராய்ந்தாள். ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் என்ன சொல் சொல்கிறார்கள் என்று பதிவுசெய்து, வரைபடத்தில் குறிக்கும் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவ்வளவுதான் புரிந்தது.

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் சமைக்கும் உணவகத்தில் ரொட்டி போடும் அண்ணைக்கு இது தீராத பகிடி.

"ரஷ்யாவுக்குள்ளால ஒளிச்சு வந்த நாங்களே அந்தப் பாஷையில ரெண்டு சொல்லுப் படிக்கேல்லை. உன்ரை பிள்ளை அதில டொக்டராம். ஊசி போடுவாளோ?"

முதல் ஊசி உங்களுக்குத்தான் அண்ணை என்று சொல்ல வாய் வரும். சொல்லமாட்டேன். சிரித்துவிட்டு வெங்காயத்தை வெட்டுவேன்.

முனைவர் பட்டத்துக்காக நடுவர்கள் அவளைக் கேள்வி கேட்கும் நாள் வந்தது. "அண்டைக்கு வாறவைக்கு எங்கட வீட்டாக்கள்தான் சாப்பாடு குடுக்கிறது அப்பா. ரோல்ஸ் செய்யுங்கோ. நீங்களும் உள்ளுக்கை இருக்கவேணும்" என்றாள்.

"குடுத்திட்டு வெளியில நிக்கிறன்."

"இல்லை. உள்ளுக்கை."

எங்கள் வீடுகளில் வந்தவரை முதலில் சாப்பிட வைத்துவிட்டுத்தான் விஷயத்தைப் பேசுவோம். ஆகவே நேரத்தோடு பல்கலைக்கழகத்துக்குப் போய், சுருட்டிப் பொரித்த ரோல்ஸைச் சுடச்சுடத் தட்டில் அடுக்கி, நடுவர்கள் நால்வரும் உள்ளே வந்ததும் முன்னால் போய் நீட்டினேன். தலைமை நடுவரான வயதான அம்மா கையை உயர்த்தி வேண்டாம் என்றார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துத் தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனேன்.

மகள் ஓடிவந்தாள். "ஐயோ அப்பா, இப்ப இல்லை! அவை முடிவு சொன்னாப் பிறகுதான்!"

அவள் முகம் சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. விசா அலுவலுக்குப் போனால் அதிகாரிக்கு ஒரு மிட்டாய்கூட நீட்டாதே என்று புதிதாக வரும் பொடியளுக்குச் சொல்கிறவன் நான். என் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்ல வந்தவர்களுக்கே லஞ்சம் போல நீட்டிவிட்டேன். ஐந்து வருட உழைப்பு. வெளியே போகலாமென்றால், கதவு நடுவர்களின் மேசைக்குப் பக்கத்தில். கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்தது சமையல்கட்டில் பழகிய குசினிப் பிரெஞ்சு. முக்கால்வாசி விளங்கவில்லை. ஒரு கட்டத்தில் அவள் ஒரு பதிவை ஒலிக்கவிட்டாள். ஒரு கிழவர் ரஷ்ய மொழியில் விடாமல் கதைத்துச் சிரித்தார். அதை நிறுத்தியதும் தலைமை நடுவர் கேட்டதை மகள் பிறகுதான் எனக்குச் சொன்னாள்: "வெளியாட்களைக் கண்டால் இவர்கள் தங்கள் பேச்சை மறைத்து, பள்ளிக்கூட ரஷ்ய மொழியில்தான் பேசுவார்கள். உங்களிடம் மட்டும் எப்படி இப்படிப் பேசினார்கள்?"

மகள் எனக்கும் விளங்கும்படி எளிய பிரெஞ்சில் மெதுவாகப் பதில் சொன்னாள்.

"என் அப்பாவிடம் நேரே எதைக் கேட்டாலும் 'ம்' என்பார். பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தால் தானாகவே கதைப்பார். அதனால் அங்கே நான் கேள்வி கேட்கவில்லை. அவர்களோடு உருளைக்கிழங்கு உரித்தேன்."

அங்கிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

முடிவெடுப்பதற்காக எங்களை வெளியே அனுப்பினார்கள். நடைக்கூடத்தில் கேட்டேன்: "நான் கெடுத்துப்போட்டனோ, பிள்ளை?"

"சும்மா இருங்கோ அப்பா" என்றாள். ஆனால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. எல்லோரையும் உள்ளே அழைத்து நிற்க வைத்து, தலைமை நடுவர் ஒரு தாளை வாசித்தார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கைதட்டல் கேட்டது. வாழ்த்துச் சொல்ல நடுவர்கள் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். மகளோ அவர்களைத் தாண்டி, கடைசி வரிசைக்கு வந்து என் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"அவை நிக்கினம், பிள்ளை" என்றேன்.

"நிக்கட்டும்" என்றாள்.