ஒரே நொடியில் வந்த மூன்று படகுகள்

அந்தப் பிழை என்னுடையது. சுகந்தி அக்காவுடையது அல்ல.

இந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு இரண்டு வருடங்கள் பிடித்தன! நாளொன்றுக்கு இருநூறு வரி நிரல் எழுதுகிறவன் நான். ஆனால் இவை மட்டும் விரலுக்கு வரவில்லை.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் எனக்குக் கைதட்டிவிட்டார்கள்... அவர்களிடம் இனி எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கைத்தொலைபேசிக் கடையின் மேல்மாடியில் என் அறை இருக்கிறது. இணையத்தளங்களுக்கு நிரல் எழுதுவது என் தொழில். பீஎச்பி என்ற மொழியில் நான் கெட்டிக்காரன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் வெட்கப்பட வேண்டியது வேறொன்று.

துறைமுகத்தை அடுத்த எங்கள் கரையின் மீனவர் சங்கம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டது. எந்தப் படகு கடலுக்குப் போனது, எது திரும்பி வந்தது என்பதைத் திரையில் காட்ட வேண்டும் என்றார்கள். அதுவரை அந்தக் கணக்கு சுகந்தி அக்காவின் கொப்பியில் இருந்தது. அவர் சங்கத்தின் எழுதுவினைஞர். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வருவார். படகு வந்தால் பென்சிலால் ஒரு சரி போடுவார், அவ்வளவுதான். அந்த வேலையை நான் திரைக்கு மாற்றினேன். படகின் எண்ணுக்கு நேரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் 'கரைக்கு வந்தது' என்று பச்சையில் மாறும்.

எங்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. புதுப் படகு வாங்கியவன் பதிவு எண் வரும்வரை காத்திருக்க மாட்டான். நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, படகைக் கடலில் இறக்கிவிடுவான். எண் வர மாதக்கணக்காகும், சிலவேளை வருடக்கணக்கும் ஆகும். அதுவரை அந்தப் படகுக்குப் பெயர் மட்டும்தான். என் திரைக்குத் திறப்பு விழா வைத்த அன்று காலையில்தான் சங்கத் தலைவர் இதை என்னிடம் சொன்னார். அப்படி மூன்று படகுகள் இருக்கின்றனவாம்... சிவசக்தி, மேரிமகள், நீலவாணி.

"எண் இல்லாட்டி என்ன தம்பி, எண் போடுற இடத்திலை பேரைப் போட்டுவிடுங்கோவன்" என்றார்.

போட்டேன். உடனே, படகுக் கணக்கைச் சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளம் முரண்டு பிடித்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சிவப்பில் ஒரு பிழைச் செய்தி! எழுத்தை எண்ணாக நினைக்கச் சொல்கிறாய், எனக்கு இது சரியாகப் படவில்லை என்பதுதான் அதன் பொருள். தரவுத்தளங்களுக்கு அப்படியொரு கண்டிப்பு உண்டு. சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்திவிடும்.

அந்தக் கண்டிப்பை அணைக்க ஒரு வரி போதும். வாசலில் குத்துவிளக்கு வைத்தாயிற்று, விருந்தினர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் அந்த ஒரு வரியை எழுதினேன். சிவப்பு மறைந்தது. எல்லாம் அழகாக வேலை செய்தது. எனக்கு மாலை போட்டார்கள்.

அன்றே எனக்குத் தெரியாதா? தெரியும்! பிறகு வந்து ஒழுங்காகத் திருத்துவோம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

சில மாதங்கள் கழித்து சுகந்தி அக்கா என் அறைக்கே படியேறி வந்தார்.

"தம்பி, சிவசக்தி வந்ததெண்டு அமத்தினால் மேரிமகளும் பச்சையாகுது. நான் கண்ணாலை கண்டனான்."

நான் வேறு வேலையில் இருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்கள் ரெண்டு தரம் அமத்தியிருப்பீங்கள் அக்கா" என்றேன்.

"இல்லைத் தம்பி, கொப்பியிலையும் எழுதி வைச்சிருக்கிறன்..."

"இன்னுமா கொப்பி? அதை விடுங்கோ. இனி ஸ்கிரீனை நம்புங்கோ."

அவர் படியிறங்கிப் போனார். கொப்பியை விடவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. திரையை நம்பத் தொடங்கினார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

நீலவாணி யோகராசாவின் படகு. அவரும் மைத்துனர் கமலும் விடியுமுன் கடலுக்குப் போயிருந்தார்கள். மற்றப் படகுகள் பகலுக்குள் கரை சேர்ந்துவிட்டன. யோகராசாவின் மனைவி தவமணி சங்கத்துக்கு வந்து கேட்டிருக்கிறார். சுகந்தி அக்கா திரையைப் பார்த்தார். நீலவாணிக்கு நேரே பச்சை. "வந்திட்டினம், சந்தைப் பக்கம் நிப்பினம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தவமணி சந்தையில் தேடினார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் அழுதுகொண்டு திரும்பி வந்தார். தலைவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, உங்கடை கொம்பியூட்டர் வந்ததெண்டுது. படகைக் காணேல்லை!"

மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. எங்கள் நகரத்து வீதிகளில் மாடுபோல் திரியும் மான்களில் இரண்டு துள்ளி ஒதுங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

சங்கத்துக்குள் ஒரே சத்தம். நீலவாணி வந்ததைக் கண்டதாக ஒருவர் அடித்துச் சொன்னார். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு திருத்தப் போயிருப்பார்கள் என்றார் இன்னொருவர். தவமணி கதிரையில் இருக்க மறுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, அவர் கடலிலையோ கரையிலையோ? ஒண்டைச் சொல்லுங்கோ!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்தேன். சொன்னால் நம்புங்கள்... அந்த நிமிடம் எனக்குப் பயம் இருக்கவில்லை. உடம்பெல்லாம் ஒரு கூர்மை.

"அக்கா, கொப்பி இருக்கோ?"

அவர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்தார். மூன்று பெயர்களும் வரிசையாக இருந்தன. சிவசக்திக்குச் சரி, பதினொன்று நாற்பது. மேரிமகளுக்குச் சரி, பன்னிரண்டு பத்து. நீலவாணிக்கு நேரே வெறுமை.

தரவுத்தளத்தைத் திறந்து, ஒவ்வொரு படகும் எந்த நேரத்தில் பச்சையானது என்று பார்த்தேன். மூன்று படகுகள், ஒரே நேரம்! மணி, நிமிடம், நொடி எல்லாம் ஒன்று! எந்தக் கை அப்படி அழுத்தும்? எந்தக் கடல் அப்படி மூன்று படகை ஒன்றாகக் கரையில் தள்ளும்?

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. பொத்தானை அழுத்தியதும் என் நிரல் படகின் எண்ணை எடுக்கிறது. வருவதை எண்ணாக மாற்று என்று நான் எழுதியிருந்தேன். 'சிவசக்தி'யை எப்படி எண்ணாக்குவது? அது பூச்சியமாகிவிட்டது. பூச்சியம் என்ற எண்ணுள்ள படகைப் பச்சையாக்கு என்ற கட்டளை தரவுத்தளத்துக்குப் போனது. கண்டிப்பு அணைக்கப்பட்ட தரவுத்தளம் என்ன செய்யும்? தன்னிடமிருந்த பெயர்களையும் எண்ணாக்கிப் பார்த்தது. மூன்றும் பூச்சியம். மூன்றையும் பச்சையாக்கிவிட்டது!

நான் எழும்பி நின்று கத்தினேன். "நீலவாணி வரேல்லை! அது இன்னும் கடலிலைதான்! கொப்பிதான் சரி!"

கத்திய வேகத்தில் கதிரை விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. தலைவர் கடற்படைக்குச் சொன்னார். ஐந்து படகுகள் எஞ்சினை முடுக்கிக்கொண்டு புறப்பட்டன. காலையில் நீலவாணி கொட்டியாரக் குடாவின் வாய்ப்பக்கம் நின்றதை மேரிமகள்காரர் கண்டிருந்தார். காற்று எங்கே தள்ளியிருக்கும் என்று அவரே கணக்குப் போட்டு முன்னால் போனார்.

கரையில் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணாக்கும் வரியைத் தூக்கினேன். அணைத்து வைத்த கண்டிப்பைத் திரும்பவும் போட்டேன். பெயரோ எண்ணோ, வந்தது வந்தபடியே போய்ப் பொருந்தினால்தான் மாற்றம் என்று கட்டளையைத் திருத்தி எழுதினேன். சிவசக்தியை அழுத்திப் பார்த்தேன். அது மட்டும் மாறியது! மேரிமகளை அழுத்தினேன். அது மட்டும்! பத்துத் தரம் அழுத்தினேன். ஒவ்வொரு தரமும் ஒன்றே ஒன்று. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல... தேர்வில் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் படகுகள் திரும்பின. முன்னால் மேரிமகள். அதன் பின்னால், கயிற்றில், நீலவாணி!

எஞ்சின் நின்றுபோய், தண்ணீர் போத்தலும் காலியாகி, வெளிக்கடலை நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தால் இருட்டியிருக்கும். பிறகு கண்டுபிடிக்கவே ஏலாது என்றார் மேரிமகள்காரர். யோகராசா இடுப்பளவு தண்ணீரில் குதித்து நடந்து வந்தார். தவமணி அப்படியே சேலையோடு கடலுக்குள் ஓடினார். கரை முழுக்க வெடிகொளுத்தாத திருவிழா.

யோகராசா என்னைக் கட்டிப்பிடித்தார். உப்புத் தண்ணீர் என் சட்டையெல்லாம் ஊறியது. "நீர்தானாம் கண்டுபிடிச்சது! நீர் இல்லாட்டி நாங்கள் இல்லை!" என்றார். நானும் அழுதேன். அது பொய்யழுகை அல்ல. இரண்டு உயிர்கள் கரைக்கு வந்திருந்தன, நான் வரவழைத்திருந்தேன். அதை இன்றும் யாராலும் என்னிடமிருந்து பறிக்க முடியாது!

அப்போதுதான் தலைவர் கேட்டார். "இப்ப திருத்தியாச்சோ தம்பி? என்ன நடந்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுகந்தி அக்காவும் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். 'என் பிழை, இவர் முன்னமே சொன்னவர்' என்று சொல்லியிருக்கலாம். அந்த முகங்களைப் பார்த்தேன்... அத்தனை மகிழ்ச்சி! அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. இல்லை, இதுவும் பொய். என் மாலையைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

"திருத்தியாச்சு. இனி ஆர் பிழையா அமத்தினாலும் ஒண்டும் நடக்காது" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். தலைவரின் கண் சுகந்தி அக்காவின் பக்கம் திரும்பியது. மற்றவர்களின் கண்களும் திரும்பின. அவருடைய கண் தவமணியிடம் போனது. தவமணியைத் திருப்பி அனுப்பியது அவர்தானே? அந்த இரண்டு மணித்தியாலம் அவருடைய நெஞ்சை ஏற்கனவே அறுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் சங்கத்தில் விசாரணை. அதற்கு முதல்நாள் அவர் திரும்பவும் என் அறைக்குப் படியேறி வந்தார்.

"தம்பி, என்ரை கொப்பியை நீங்கள் கொண்டு போனனீங்கள். அதைத் தாங்கோ. நான் நீலவாணிக்குச் சரி போடேல்லை எண்டு அதிலை இருக்கு."

கொப்பி அவருக்குப் பின்னால் இருந்த அலுமாரிக்குள் இருந்தது. கை நீட்டினால் எட்டும்.

"எங்கை வைச்சன் எண்டு தெரியேல்லை அக்கா. தேடிப் பாக்கிறன்" என்றேன்.

"தேடுங்கோ தம்பி. உங்களுக்கும் எத்தினை வேலை" என்றார். என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை! வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இப்போது உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் விரிப்புகள் துவைத்துக் காயப்போடுகிறார். என் நிரலை இன்னும் மூன்று கரைகள் வாங்கியிருக்கின்றன. இன்றுவரை அது ஒரு தரமும் பிழை விடவில்லை. நான் சொன்னேனே, நான் கெட்டிக்காரன்.

இன்று காலை சங்கத்தில் ஆண்டு விழா. எனக்குப் பொன்னாடை. போகும்போது கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சொல்லிவிடுவதென்றே போனேன், சத்தியமாக! ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால், கடைசி வரிசையில் சுகந்தி அக்கா. தவமணி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார். பக்கத்தில் யோகராசா. நீலவாணிக்கு எண் கிடைத்துவிட்டதாம். அந்தச் சந்தோசம் அவர் முகத்தில் இருந்தது.

தவமணி மன்னித்துவிட்டார்... செய்யாத பிழைக்கு!

நான் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். கைதட்டினார்கள். சுகந்தி அக்காவும் தட்டினார். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவர் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது கொப்பி என் மேசையில் திறந்து கிடக்கிறது. இரண்டு பென்சில் சரிகள், ஒரு வெறுமை. உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி இதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப் போகிறேன்.