ஆஸ்டியோபதி படிக்கக் கிளம்பிய பெண்

தோள்வலிக்காக துபாயில் கராமா பகுதியில் இருந்த ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போய்வந்த நாட்களில், அங்கே வேலை பார்த்த அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். ஒல்லியான உருவம், கனத்த கண்ணாடி. என் தோளை அழுத்தும்போதெல்லாம் அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசையும். அமெரிக்க மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அவள் விரும்பியது ஆஸ்டியோபதி கல்லூரியை. அங்கே மருந்து கொடுப்பதோடு, எலும்பையும் தசையையும் கையாலேயே சரிசெய்யவும் கற்றுத்தருவார்களாம்.

ஒருநாள் அவள் முகம் வாடியிருந்தது. இரண்டாவது முறையும் மார்க் குறைவு.

“விட்டுடலாமேம்மா?” என்றேன்.

“அப்ளிகேஷன் போட்டுட்டேன் சார்.”

“இந்த மார்க்கை வச்சுக்கிட்டா?”

“வேண்டாம்னு அவங்க சொல்லட்டும். அதுக்கு முன்னாடி நானே ஏன் ஒதுங்கணும்?” என்றவள், என் தோளை இன்னும் பலமாக அழுத்தினாள்.

சில மாதங்கள் கழித்து வலி திரும்பியபோது அவள் அங்கே இல்லை. ஒரு கல்லூரி நேர்காணலுக்கு அழைத்ததாம்.

“இங்க இருந்த வேலை விசாவையே கேன்சல் பண்ணிட்டுப் போயிட்டா,” என்றார் வரவேற்பில் இருந்த பெண். “சீட் கிடைக்கலைன்னா திரும்பி வர ஒரு வேலை வேணுமேன்னு எவ்வளவோ சொன்னோம். கேக்கவே இல்ல.”

இடம் கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிடைக்காமல் போயிருக்கும் என்று மட்டும் நினைக்க முடியவில்லை.