கானாவுக்குப் போகாமலிருக்க நான் தேடிய சாட்சி

அந்தப் பெட்டியைத் திறந்த நொடி இன்னும் கண்ணில் நிற்கிறது. கொசுவலை, டார்ச் லைட், தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மாத்திரை, ஊர் முழுக்கக் கொடுத்தாலும் தீராத வயிற்றுப்போக்கு மருந்து. ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புகிறவன் பெட்டி என்று நினைப்பீர்கள். இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து ஒரகடத்துக்கு வந்தவரின் பெட்டி.

எங்கள் கம்பெனி மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில், கானா நாட்டின் தேமா துறைமுக நகரில், வெல்டிங் லைன் ஒன்று போட்டுக்கொண்டிருந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "போய் ஓட்டிக் குடுத்துட்டு வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். நீங்க இல்லன்னா திருநெல்வேலித் தம்பி ரெடி. போய்ட்டு வர்றவருதான் செக்‌ஷன் இன்சார்ஜ்." நான் மறுத்தால், என்னிடம் வேலை பழகிய அந்தத் தம்பிக்கே தினமும் குட்மார்னிங் சொல்லவேண்டி வரும். ஆனாலும் அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு மலேரியாவின் எல்லா அறிகுறிகளும் வந்துவிட்டன.

"அங்க கொசுவாம், கரண்ட் நிக்காதாம், தண்ணி சரியில்லியாம்," என்றேன் மனைவியிடம்.

"இங்க இன்னா, அரமனைலயா கீற? கொசு உன்ன பாத்து கும்புட்டுட்டா போவுது?"

அந்த வாரம்தான் தேமாவிலிருந்து அந்தப் பொறியாளர் பயிற்சிக்கு வந்தார். என் வயது, என்னைவிட ஒன்றரை மடங்கு உடம்பு. கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. இவர் வாயாலேயே அந்த ஊர் லட்சணத்தை வாங்கி மேலாளரிடம் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்று திட்டமிட்டேன். அவர்கள் நாட்டில் ஆட்சிமொழியே ஆங்கிலம். எனக்குத்தான் கைஜாடை தேவைப்பட்டது.

தண்ணீர் எப்படி என்றேன். பிளாஸ்டிக் பாக்கெட்டில் வரும், மூலையைக் கடித்துக் குடிப்போம் என்றார். வாடகை வீடு? ஓனர் இரண்டு வருஷ வாடகையை முன்பணமாகக் கேட்பார் என்று பெருமூச்சு விட்டார். எங்கள் ஊர் ஓனர்களுக்கு இது தெரியாமல் இருக்கவேண்டுமே என்று பயந்தேன். செத்தவர் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தெருவெல்லாம் ஒட்டுவார்களாம். பிறந்த கிழமையையே பெயராக வைப்பார்களாம். நான் சனிக்கிழமை என்றேன். இங்கே மாமியார் ஏற்கெனவே அப்படித்தான் கூப்பிடுகிறார் என்பதைச் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும் பதில் எங்கள் வாலாஜாபாத் மாதிரியே இருந்தது. என் சாட்சி பிறழ்ந்துகொண்டே போனார்.

அப்போதுதான் கெஸ்ட் ஹவுஸ் அறையில் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினார். இந்தியத் தண்ணீர் ஆளைக் கொல்லும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வந்த நாளிலிருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த மரவள்ளி மாவைத்தான் கரைத்துக் குடிக்கிறாராம். திரும்பிப் போக ஒரு நல்ல காரணம் கிடைக்குமா என்று அவரும் என்னைத்தான் துருவிக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் கேள்வி கேட்கிற மும்முரத்தில் கவனிக்கவில்லை.

மறுநாள் மதியம் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். ஸ்பூன் தேடி நான் அலமாரியை உருட்டிக்கொண்டிருக்க, அவர் வலது கையால் களியைக் கிள்ளி, உருட்டி, குழி செய்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினார். மரவள்ளியும் வாழைக்காயும் இடித்து அவர்கள் வீட்டில் இப்படித்தான் தின்பார்களாம். நான்கு நாள் பசி நான்கு உருண்டையில் போனது.

மனைவி என்னைப் பார்த்தாள். "நீயே களிய மென்னு துன்ற ஆளு. அவரு நம்ம ஊரு ஆளுய்யா. பேசாம கெளம்பு."

இப்போது நான்தான் செக்‌ஷன் இன்சார்ஜ். கடல் தாண்டிப் போய்வந்த துணிச்சல்காரன் என்று புதுப் பையன்களுக்கு என்னைக் காட்டுகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போடச் சென்னைக்குப் போன கதையை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. துணைக்கு வந்தவர் அந்தத் தேமா பொறியாளர்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒரு அலறல் கேட்டது.

"ஊசி உங்களுக்குத்தான சார் போட்டேன்," என்றார் நர்ஸ். "அவரு ஏன் கத்துறாரு?"

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவருடைய ஐந்து விரல்களும் என் பிடிக்குள் நசுங்கிக் கிடந்தன.