வண்டி எண்ணோடு ஒட்டிவந்த முழுப் படம்

அரியலூர் பக்கம் ஓர் எடைமேடைக்கு நான் எழுதிக்கொடுத்த புரோகிராம், மதியமானால் உறைந்து நின்றுவிடும். அன்று சுண்ணாம்புக்கல் லாரிகள் மெயின்ரோடு வரை நின்றன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. "கம்ப்யூட்டர்ல கண்டதையும் நோண்டாதீங்கன்னு சொன்னேன்ல?" என்று ஆபரேட்டர் செல்வியிடம் எரிந்து விழுந்தேன்.

"நான் எதையும் தொடலைங்க சார். லாரி போயிடுது, ஏறுன மெமரி மட்டும் எறங்கவே மாட்டேங்குது" என்றார்.

புரோகிராமின் கோடிங்கைத் திறந்தேன். கேமரா எடுக்கும் ஒவ்வொரு லாரியின் படக் கோப்பிலிருந்தும் வண்டி எண்ணை மட்டும் 'ஸ்லைஸ்' என்னும் துண்டாக வெட்டி வைத்ததாக நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சின்ன ஸ்லைஸ் தனி நகல் அல்ல; மூலப் படத்தையே சுட்டியதால், முழுப் படத்தையும் மெமரியில் பிடித்து வைத்திருந்தது. எண்ணைத் தனியாக நகலெடுத்து வைக்கும்படி மாற்றினேன். வரிசை நகர்ந்தது.

வெளியே டிரைவர்கள் செல்வியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். தப்பு என்னுடையது என்று அவர்களிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். இன்றுவரை செல்வியிடமும் சொல்லவில்லை.