தலையில் வைத்த எண்ணெய்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், மனைவி, வரவேற்பு மேசையில் எங்கள் மகள், விடுதிக்காரம்மா, தொட்டிக்குள் கண்ணை மூடிக் கிடந்த ஒரு ஜெர்மன் பெரியவர். வேறு ஒருவரும் இல்லை. பழியைப் போடக்கூட ஆள் இல்லை.

விடுதிக்காரம்மா ஜெர்மன்காரிதான். ஜப்பானில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, நிலத்துக்குள்ளிருந்து சுடுதண்ணீர் வருகிற ஒரு மலையூரில் அந்த நாட்டு முறையிலேயே விடுதி நடத்துகிறார். வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், பாய் விரித்த நிலத்தில் படுக்க வேண்டும். அதெல்லாம் எங்களுக்குப் புதிதில்லை. மகள் அங்கே அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியைத் தொடங்கி மூன்றரை மாதம். நாலு மாதம் முடிகிறவரை காரணம் சொல்லாமலே அவளை வேலையால் நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அந்த வரியை மட்டும் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். அம்மா அப்பாவை ஒரு இரவு தங்கக் கூப்பிடு என்று விடுதிக்காரம்மாவே சொன்னாராம். போகாவிட்டால் மரியாதை இல்லை, போனால் ஏதாவது பிழை விடுவேன். ஒரு கிழமை எனக்கு நித்திரை இல்லை.

நாங்கள் இருக்கிற கெல்சென்கிர்ச்சனில் இருந்து மூன்று ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தோம். வெளியே பனி. ஆண்களின் மரத்தொட்டி திறந்த வெளியில்.

"அப்பா, முதல்லை சோப் போட்டு வடிவாக் குளியுங்கோ. பிறகுதான் தொட்டியிலை இறங்கலாம். உடுப்பு ஒண்டும் போடக்கூடாது."

"ஒண்டுமோ?"

"ஒண்டும்."

"வெட்கமெண்டா கண்ணை மூடிக்கொண்டு இறங்குங்கோ" என்றாள் மனைவி.

எனக்கு வெட்கத்தைவிடச் சளி, தடிமன் பயம். பனிக்குள் சுடுதண்ணீரில் முழுகினால் வராமல் இருக்குமா? நான் வேலை செய்கிற பேக்கரியில் லீவு கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆகவே மிளகும் சின்னச்சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஒரு ஜாம் போத்தலில் கொண்டு போயிருந்தேன். அறையில் வைத்து உச்சியில் நன்றாக அப்பினேன். பிறகு மகள் சொன்னபடி உடம்பெல்லாம் சோப் போட்டேன். தலைக்கு மட்டும் போடவில்லை. கழுவினால் எண்ணெய் வைத்ததே வீண். தலைதான் தண்ணீருக்குள் போகாதே.

வேர்க்கும் என்று யோசிக்கவில்லை.

"அருமை, இல்லையா?" என்றார் பெரியவர், கண்ணைத் திறக்காமல்.

"யா, யா" என்றேன். அப்போதுதான் தண்ணீரில் ஒரு வட்டம் பளபளத்தது. ஊற்றுத் தண்ணீரின் குணமாக்கும் என்று நினைத்தேன். பிறகு மிளகு மணத்தது. சின்னத் துவாயால் அள்ளப் பார்த்தேன். ஒரு வட்டம் பத்தாகப் பிரிந்து, அதில் ஒன்று நேரே பெரியவரின் தாடையை நோக்கிப் போனது. அவர் மூக்கை உறிஞ்சினார்.

"சமையல் தொடங்கிவிட்டார்கள் போல."

விடுதி அங்கியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். நடைவழியில் மனைவி.

"என்னப்பா, பேயைக் கண்ட மாதிரி?"

சொன்னேன்.

"பேசாமல் இருங்கோ. ஆர் காணப்போகினம்?"

"பின்னேரம் அந்தத் தொட்டியைத் தேய்க்கிறது ஆர்? எங்கடை பிள்ளை. முதல் நாள் வடிவாத் தேய்க்கேல்லை எண்டு அவளைத்தான் கேப்பினம்."

அவள் என்னை வரவேற்பு மேசைப் பக்கம் தள்ளிவிட்டாள்.

அங்கே மகளும் விடுதிக்காரம்மாவும் நின்றார்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: என் தலை, என் எண்ணெய், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. மகளின் காது சிவந்தது. விடுதிக்காரம்மா போய்த் தண்ணீரில் விரலைத் தொட்டு மணந்து பார்த்தார். பிறகு பெரியவரை எழும்பச் சொல்லித் தொட்டித் தண்ணீர் முழுவதையும் வெளியே திறந்துவிட்டார். மரம் எண்ணெய் குடித்துவிடுமாம். அதைச் சுரண்ட ஆள் வரவேண்டும், தொட்டி இரண்டு நாள் பூட்டு.

"நானே தேய்க்கிறேன்" என்றேன்.

"விருந்தாளி தேய்க்கக் கூடாது" என்றார். "செலவைத் தாருங்கள். மாதம் மாதமாகத் தரலாம். மகளின் சம்பளத்தைத் தொடமாட்டேன்."

தொடமாட்டேன் என்றாரே தவிர, வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரவு பாயில் படுத்து அதையே யோசித்தேன்.

காலையில் வழியனுப்ப வந்த மகள் ஜாம் போத்தலைப் பிடுங்கிக்கொண்டாள். "இது இஞ்சை நிக்கட்டும். நீங்கள் போங்கோ."

இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்தாள். "நாலு மாதம் முடிஞ்சுதப்பா. இருக்கச் சொல்லிப்போட்டா."

என்றாலும் ஒவ்வொரு முதலாம் தேதியும் விடியவே அறுபது யூரோ அனுப்பிவிடுகிறேன். பிந்தினால் பிள்ளையை ஏதாவது கேட்பார்களோ என்ற பயம். தொட்டிச் செலவு முந்நூற்றறுபதில் நாலு தரம் கட்டியாயிற்று. இன்னும் நூற்றிருபது யூரோ.