இரண்டு கிளாஸ் சர்பத்

அக்காவுக்குக் கிடைக்க வேண்டிய படிப்பைக் கெடுத்தது நான்தான் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா கீழச்சிவல்பட்டியில் கொத்தனார். வீடு கட்டக் கேட்டு வருகிறவர்களுக்கு வாயாலேயே வீட்டைக் கட்டிக் காட்டிவிடுவார். அதைக் காகிதத்தில் கோடு பிசகாமல் வரைந்து தருவது அக்கா. பள்ளி இறுதி முடித்ததும், தொழிற்பயிற்சி நிலையத்தில் கட்டடப் படம் வரையும் படிப்புக்கு எழுதிப்போட்டாள். விண்ணப்பத்தில் 'மகன்' என்றுதான் அச்சாகியிருந்தது. அவள் அதை அடித்துவிட்டு 'மகள்' என்று எழுதியதை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை போலும். 'திரு' போட்டு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. வீடே சிரித்தது.

அப்பா அவளைக் காரைக்குடிக்கு அழைத்துப்போனபோது, அழுது அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்கு ஏழு வயது. பஸ் நிலையத்தில் நன்னாரி சர்பத், ஒன்றுக்கு இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தேன்.

நேர்முகத்தில் அக்கா வரைந்துகாட்டிய படத்தை அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. வேண்டாவெறுப்பாகப் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத்தானா நான் அப்பாவின் வேட்டியை இழுத்து, "ஒண்ணுக்கு வருது" என்று சொல்ல வேண்டும்!

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. பேனாவை மூடினார்.

"பாத்தீகளா கொத்தனாரே? இங்க பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கிடையாது. இந்தப் பிள்ள எப்புடி ரெண்டு வருஷம் படிக்கும்?"

"இடத்தக் காட்டுங்க சார், நாலே நாள்ல நானே கட்டித் தந்துர்றேன். கூலிகூட வேணாம்" என்றார் அப்பா.

"கவர்மெண்டு கட்டடத்துல கண்டவுகளும் கை வைக்க முடியுமா? தையல் கிளாஸ் இருக்கு, அதுல சேத்துவிடுங்க."

அந்தக் கட்டடத்தின் கிழக்குச் சுவரை எழுப்பியதே அப்பாதான். அவர் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம்.

அக்கா ரவிக்கை தைக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு பிள்ளையின் மூத்திரம் சாக்காகக் கிடைத்தது அந்த அதிகாரிக்கு. அது இல்லாவிட்டால் வேறொன்றைத் தேடி எடுத்திருப்பார். இது புரிய எனக்கு வயதாக வேண்டியிருந்தது. அன்று திரும்பும் பஸ்ஸில் அக்கா மடியில் கால்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழியில் அப்பா இறக்கிவிடுகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றேன். ஊர் வரும்வரை அடக்கிக்கொண்டால் அந்த சார் அக்காவை மறுபடி கூப்பிடுவார் என்று நினைத்தேன்.