வெள்ளிக்கிழமை சொன்னவர்

என் மனுசன் இக்னேசியஸ் போன பங்குனியில் செத்துப்போனார். அடக்கப் பூசையில் சுவாமி, "ஒருவருக்கும் தீங்கு செய்யாத மனிதர்" என்று பிரசங்கம் வைத்தார். முன்வாங்கில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவாமி பங்குக்குப் புதியவர், அவருக்கு என்ன தெரியும்? செத்தவர்களைப் பற்றி நல்லதுதான் கதைக்கவேண்டுமாம். அப்படிப் பார்த்தால் அவரைப் பற்றி எனக்கு அரைவாசிக் கதைதான் மிஞ்சும். நான் முழுக்கவே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பாலையூற்று ஆட்கள். இவருடைய தகப்பனும் தமையன்மாரும் துறைமுகத்தில் வெள்ளைக்காரனிடம் வேலை செய்தவர்கள். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் கப்பலேறிப் போக, அத்தனை பேரும் வீட்டில் குந்தினார்கள். இவர் மட்டும் அதற்கு ஐந்து வருசம் முதலே நகரத்தில் ஒரு கல்லூரியின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தார். போத்தல் கழுவுவது, அமிலம் அளந்து வைப்பது, சாவியைக் காப்பது. பதினெட்டு வருசத்தில் ஒரு பிள்ளைக்கு விரல் சுட்டதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம். வீட்டில் அடுப்பு மூட்டுகிற எனக்கே புத்தி சொல்லுவார். "உங்கட ஆய்வுகூடத்தில சோறு வடிக்கிறேல்லை, பேசாமல் இருங்கோ" என்று நானும் குடுப்பேன்.

சந்திரனில் மனிதன் இறங்கிய அடுத்த வருசம் கல்லூரி விஞ்ஞானச் சங்கத்துக்கு ரொக்கெற் பைத்தியம் பிடித்தது. சங்கத்தின் செயலாளர் பாயிஸ், கடற்கரை ஊரான இறக்கக்கண்டிச் சோனகப் பிள்ளை. உயர்தரம் படித்தவன். கணக்கில் புலி. பேராதனைக்கு எஞ்சினியரிங் படிக்கப் போவான் என்று ஆசிரியர்மார் எல்லாரும் சொன்னார்கள். முதல் ரொக்கெற் பள்ளிக்கூட மைதானத்தில் பானை வெடித்த மாதிரி வெடித்தது. இரண்டாவது தென்னை உயரம் போய் விழுந்தது. மூன்றாவதை ஆள் உயரத்துக்குச் செய்தார்கள். அதிபர், "இதை இங்க விடேலாது, கடற்கரைக்குக் கொண்டுபோங்கோ" என்றுவிட்டார்.

கடற்கரை என்றால் வள்ளம் இருக்குமே. விஞ்ஞான மாஸ்டர் இவரைக் கூப்பிட்டு, "இக்னேசியஸ், நீர் இறக்கக்கண்டிக்குப் போய், கடல் வெறுமையாக் கிடக்கிற நாளாப் பாத்து வாரும்" என்றார். இவர் ஒரு ஞாயிறு காலைப் பூசை கண்டுவிட்டு பஸ் ஏறினார். தேத்தண்ணிக் கடையில் விசாரித்தார். "வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம் ஒரு குஞ்சும் கடலில நிக்காது" என்றார்கள். கரையோடு வடக்கே நடந்தும் பார்த்தார். மேற்குக் கரையிலிருந்து சீசனுக்கு மீன்பிடிக்க வந்து தங்குகிறவர்களின் வாடிகள், ஓலைக் கொட்டில்கள், நாலைந்து இருந்தன. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன, வலைகள் காய்ந்தன. இந்த வாடிக்காரர் தொழிலுக்குப் போவதில்லைப் போல என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

எனக்கு இன்றைக்கும் வயிறெரிகிறது. அவர்கள் சிலாபத்து வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை வலை தொடாத ஆட்கள். அதே ஞாயிறு பூசை கண்டு, நாக்கில் நற்கருணை வாங்கிவிட்டுப் போன மனுசனுக்கு அது விளங்கவில்லை. இறக்கக்கண்டி சோனகர் ஊர் என்ற ஒரே நினைப்பு. தன் சனத்தைத் தனக்கே தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை" என்று வந்து சொன்னார். அந்த வருசங்களில் சனி ஞாயிறு லீவு இல்லை, நிலாக் கணக்கில் கிழமைக்கொன்றாய் வருகிற போயா நாளில்தான் லீவு. ஜூலையில் போயா ஒரு வெள்ளியில் வந்தது. பாயிஸ் சங்கக் கொப்பியில் அந்த நாளை எழுதினான்: வெள்ளி, ஜும்ஆ நேரம். ஜும்ஆவையும் விட்டுவிட்டு அன்றைக்குக் கரையில் நின்றான்.

ரொக்கெற் நன்றாகத்தான் எழும்பியதாம். பிள்ளைகள் கை தட்டினார்களாம். மேலே போய்க் காற்றுக்குச் சரிந்து, வடக்குப் பக்கம் நெருப்போடு இறங்கியது. அந்த நேரம் மீனோடு கரைக்கு வந்துகொண்டிருந்த வள்ளத்தின் முன் அணியத்தில் சிலாபத்துச் சவிரிமுத்து நின்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து வைத்தார்கள். கண் இரண்டும் போய்விட்டது.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கிழமை முடிவதற்குள் எங்கள் பங்கிலேயே கதை கிளம்பியது. "தங்கட ஆக்கள் பள்ளிவாசலுக்குப் போற நேரமாப் பாத்து விட்டிருக்கிறான் அந்தச் சோனகப் பொடியன்" என்றார்கள். கொப்பியில் அவன் கையெழுத்து இருந்ததே, அது போதாதா? கடைத்தெருவில் இரண்டு நாள் வாய்ச்சண்டையும் நடந்தது. கல்லூரியில் விசாரணை வைத்தார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம் பாயிஸின் உம்மா அசனா பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். முக்காட்டைப் பிடித்தபடி படலையடியில் நின்றாள். "தங்கச்சி, அவர் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். நாள் பாத்து வந்தது அவர்தானே. எண்ட புள்ளைக்கு நாலு மாசத்தில சோதின" என்றாள்.

இவர் குசினிக்குள் இருந்தார். நான் "அவர் வீட்டில இல்லை" என்றேன். அவள் படலைக்கு வெளியே கிடந்த இவருடைய செருப்பைப் பார்த்தாள். பஸ் றோட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

உள்ளே வந்து நான் பிடித்துக்கொண்டேன். "நாலு பிள்ளையள். சவிரிமுத்துவின்ர சனத்துக்கு நீங்கள்தான் நாள் குறிச்ச ஆள் எண்டு தெரிஞ்சால் கோவில் வாசல் மிதிக்கேலுமோ? வேலையும் போகும். அவன் கெட்டிக்காரன், எங்கையாவது தப்பிப் பிழைப்பான். நீங்கள் வாய் திறக்கப்படாது" என்றேன். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்கமாட்டேன்.

விசாரணையில், அந்த நாளைத் தெரிவு செய்தது யார் என்று கேட்டிருக்கிறார்கள். மாஸ்டர் எழும்பி, "அந்த நாளைச் சங்கம்தான் எனக்கு அறிவிச்சது" என்றாராம். பெரிய படிப்புப் படித்த ஆள், தன் தலையைக் கழற்றிக்கொண்டார். பாயிஸைக் கேட்டபோது, "கொப்பியில இருக்கிறது நான் எழுதினதுதான்" என்று மட்டும் சொன்னானாம். பிறகு கடைசி வாங்கில் இருந்த இவரையே பார்த்துக்கொண்டு நின்றானாம். இவர் குனிந்துகொண்டு தன் கைவிரல்களைப் பார்த்தாராம். பின்னேரம் வந்து கிணற்றடியில் நின்றபடி இவ்வளவையும் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றுக்குள் தவறவிட்டார்.

பாயிஸைக் கல்லூரியால் விலக்கினார்கள். சோதினை எடுக்கவில்லை. பேராதனையும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்த வருசம் தெற்கில் பொடியன்மார் அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதம் தூக்கிய ஏப்ரல் கலவரத்தோடு வெடிமருந்து என்ற சொல்லுக்கே பொலிஸ் பிடித்தது. சங்கத்தின் குழாய்களையும் கொப்பியையும் மாஸ்டர் எரிப்பித்தார். எரித்தது இவர்தான். அதற்குப் பிறகும் பத்து வருசம் அதே ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவினார். வீட்டில் கதை குறைந்தது. நற்கருணை வாங்கப் போவதையும் விட்டார். ஞாயிறு தவறாமல் கடைசி வாங்கில் இருந்துவிட்டு வருவார். நான் கேட்டால், "இருமல்" என்பார்.

இருமல் பிறகு உண்மையாகவே வந்தது. டொக்டர் கையை விரித்த கிழமை, "நான் இறக்கக்கண்டிக்குப் போகவேணும்" என்றார். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி, இப்ப என்னத்துக்கு?" என்றேன். கேட்கவில்லை. நானும் கூடப் போனேன்.

பாயிஸ் கரையோரம் ஒரு கொட்டிலில் வள்ளத்து எஞ்சின்கள் திருத்திக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும், தலை அரைவாசி நரைத்திருந்தது. எங்களுக்கு ஒரு வாங்கைத் துடைத்துப் போட்டான். இவர் நின்றுகொண்டே, மூச்சு வாங்க வாங்க, "அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னது நான்தான், தம்பி" என்றார்.

"தெரியும் அண்ணன். நீங்க சொல்லித்தானே நான் எழுதினான்."

நான் இடையில் புகுந்தேன். பதினொரு வருசமாக என் மனதைத் தேற்றி வைத்திருந்த கேள்வி அது. "அப்ப நீர் ஏன் தம்பி அண்டைக்கு இவற்ற பேரைச் சொல்லேல்லை?"

அவன் கையில் இருந்த கிறீஸைத் துணியில் துடைத்தான். "நான் சொன்னா என்ன நடந்திருக்கும் அக்கா? சோனகன் தான் தப்புறதுக்கு ஒரு வேதக்கார ஏழையை மாட்டிவிட்டான் எண்டு, அதுக்கும் ஒரு சண்ட வந்திருக்கும். அண்டைக்கு அதை அண்ணன்ட வாயால மட்டும்தான் சொல்ல ஏலும். அவர் எழும்புவார், எழும்புவார் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

இவர் வாங்கில் இருந்துவிட்டார். "நான் இப்ப வந்து சொல்லுறன். சுவாமியிட்டச் சொல்லுறன், அதிபரிட்டச் சொல்லுறன்" என்றார்.

"சொல்லுங்க" என்றான் பாயிஸ். "உம்மா மவுத்தாகி மூணு வருசம். அவவுக்குத்தான் கேக்கவேண்டியிருந்திச்சு."

எழும்பக்கூடாது என்று பிடித்து இருத்தியது நான்தான் என்று அவனிடம் சொல்ல வாய் எடுத்தேன். அவன் எஞ்சினின் கயிற்றை இழுத்தான், அது பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் நான் சொன்னது அவனுக்குக் கேட்டதோ தெரியாது. இன்னொரு முறை சொல்ல என்னால் ஏலவில்லை.